உங்கள் வண்டிக்குக் கிளீனர் யார்?

சொந்தக் காரில் குடும்பத்தோடு ஊருக்குப் போய்வரும் உங்கள் எல்லோருக்கும்,

ஆயுத பூசை வருகிறது. இன்னும் சில நாளில் உங்கள் வண்டியை வாசலில் நிறுத்தி, டயர் இடுக்குச் சேறுவரை கழுவி, பானெட்டில் சந்தனமும் குங்குமமும் வைத்து, மாலை சாத்தி, நான்கு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுவீர்கள். ஆண்டில் அந்த ஒரு நாள்தான் வீட்டில் இருக்கும் அத்தனை பேரும் வண்டியைச் சுற்றி நிற்கிறீர்கள். அதனால்தான் அந்த நாளுக்கு முன்பாக இதை எழுதுகிறேன். உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். கேட்பதற்கு முன் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. பொறுமையாகப் படியுங்கள்.

நான் ஆத்தூரில் கார்களுக்கு வேலை பார்க்கிறவன். 1984இல், பதினாறு வயதில், நாமக்கல் லாரி ஒன்றில் கிளீனராக ஏறினேன். எட்டு ஆண்டு அந்த வேலை. கிளீனர் என்றால் வண்டி துடைக்கிறவன் என்று நினைத்துவிடாதீர்கள். துடைப்பது அதில் கடைசி வேலை. வண்டி டீக்கடையில் நின்றால் ஓட்டுநர் இறங்கி முகம் கழுவப் போவார். நான் டயர் லீவரை எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றுவேன். ஒவ்வொரு டயரிலும் ஒரு தட்டு. காற்று சரியாக இருந்தால் லீவர் கையை உதறித் துள்ளும், ஓசை ‘டங்’ என்று வரும். குறைந்திருந்தால் ‘தொப்’ என்று அமுங்கும். இரட்டைச் சக்கரத்தில் உள்டயரின் காற்று இறங்கியது கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத்தான் தெரியும். பிறகு சக்கரத்தின் நடுவில் புறங்கையைக் கிட்டக் கொண்டுபோய்ச் சூடு பார்ப்பேன். அப்புறம் தண்ணீர், ஆயில், பின்விளக்கு, பாரம் கட்டிய கயிறு. மேட்டில் நின்றால் சக்கரத்துக்குக் கட்டை போடுவதும், பின்னால் எடுக்கும்போது இறங்கி நின்று “வரலாம், வரலாம்” சொல்வதும் நான்தான். டீ குடித்துவிட்டு ஏறும் ஓட்டுநர் கேட்பது ஒரே கேள்வி: “பாத்துட்டியா தம்பி?” பார்த்தேன் என்று நான் சொன்ன பிறகுதான் சாவி திரும்பும்.

அந்த ஓட்டுநர் என்னைவிட நூறு மடங்கு வண்டி தெரிந்தவர். ஆனாலும் ஓட்டுகிறவனுக்கு முன்னால் இருக்கிற சாலைதான் தெரியும், வண்டியைப் பார்க்க வேறொருவன் வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

உங்கள் வீட்டுக்குக் கார் வந்தபோது ஓட்டுநர் இடத்தில் அப்பா உட்கார்ந்தார், அல்லது மகன், அல்லது மருமகள். கிளீனர் இடம் காலியாகவே இருந்துவிட்டது. ஆண்டுக்கு ஒருமுறை, பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை சர்வீஸில் யாரோ ஒருவர் பார்க்கிறார். நடுவில் இருக்கிற முந்நூற்றுச் சொச்சம் நாளும் அந்த வண்டியைப் பார்ப்பவர் இல்லை. லாரி நிறைய ஏற்றிய பருத்திக்கு அன்றைக்கு ஒரு காவல் இருந்தது. உங்கள் அம்மாவுக்கும் பிள்ளைக்கும் அந்தக் காவல் இல்லை. என் மனக்குறை இதுதான்.

இனி நான் சொல்லப் போவது, சொல்லக் கூச்சமான விஷயம். 2016இல் ஒரு வாடிக்கையாளர் புதுக் காரைக் கொண்டுவந்து சீட் கவர் போடச் சொன்னார். தேன் நிறத்தில் ரெக்சின் கவர். பின் இருக்கையில் பெல்ட் மாட்டும் பக்கிள்கள் மூன்றும் மேலே நீட்டிக்கொண்டிருந்தன. “அம்மா உட்காந்தா உறுத்துதுங்கறாங்க அண்ணே, உள்ள தள்ளிடுங்க” என்றார். தள்ளினேன். கவரை இழுத்து மாட்டிக் கொக்கி போட்டேன். பார்க்க அழகாக இருந்தது. இப்படி எத்தனை வண்டிக்குச் செய்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. அந்த அம்மாவை எனக்கு நன்றாகத் தெரியும். மகனோடு பட்டறைக்கு வந்தால் வேப்ப மரத்தடிப் பெஞ்சில் உட்கார்ந்து, வேலை செய்கிற பையன்களிடம் சாப்பிட்டாச்சா என்று ஒவ்வொருவராக விசாரிப்பார்.

2019இல் உளுந்தூர்பேட்டை சாலையில், விளக்கில்லாமல் ஓரத்தில் நின்ற லாரியின் பின்னால் அந்தக் கார் மோதியது. வேகம் பெரிதாக இல்லை. முன்னால் இருந்த இருவரும் பெல்ட் போட்டிருந்தார்கள். மருமகளுக்குத் தோளில் பெல்ட் பதிந்த காயம், அவ்வளவுதான். மகனுக்கு விலா எலும்பு இரண்டு உடைந்திருந்தது. அதை உடைத்தது ஸ்டீயரிங் இல்லை. பின்னால் இருந்த அம்மா அவர் இருக்கையின் முதுகில் வந்து மோதிய வேகம் அது. அம்மா மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டார்.

வண்டி என் பட்டறைக்குத்தான் வந்தது. இன்சூரன்ஸ் ஆள் படமெடுத்துவிட்டுப் போன பிறகு பின் இருக்கையைத் தூக்கினேன். மூன்று பக்கிளும் நான் தள்ளின இடத்திலேயே இருந்தன. ஒன்றில் கம்பெனியில் சுற்றிய பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் இருந்தது.

அந்த மகன் என்னை ஒரு சொல் சொன்னதில்லை. காரியத்துக்குப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அன்றிலிருந்து, பக்கிள் வெளியே வர வழி வைக்காமல் என் பட்டறையில் எந்தக் கவரும் போடுவதில்லை. ஆனால் நான் ஒருவன் மாறினால் போதுமா? ஆத்தூரில் எத்தனை கடை, தமிழ்நாட்டில் எத்தனை கடை!

பின் இருக்கையில் இருந்தால் ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கை உங்களிடம் ஆழமாக இருக்கிறது. முன் இருக்கைதான் அபாயம், பின் இருக்கை தொட்டில் மாதிரி என்று நினைக்கிறீர்கள். 2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிரத்தில் பால்கர் மாவட்டத்தின் சூர்யா ஆற்றுப் பாலத்தில் டாடா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி இறந்ததை நினைத்துப் பாருங்கள். அது ஏர்பேக் நிறைந்த விலை உயர்ந்த வண்டி. அதில் இருந்தவர்கள் நான்கு பேர். முன்னால் இருந்த இருவரும் காயத்தோடு பிழைத்தார்கள். பின்னால் பெல்ட் போடாமல் இருந்த இருவரும் இறந்தார்கள். அந்த ஆண்டு மட்டும் சீட் பெல்ட் அணியாததால் நாட்டில் இறந்தவர்கள் 16,715 பேர் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது. அவர்களில் 8,331 பேர் வண்டி ஓட்டியவர்கள் இல்லை, கூட வந்தவர்கள். ஏறத்தாழ பாதிப் பேர்!

வேகம் என்பது என்ன என்று நம் உடம்புக்குத் தெரியாது, உயரம் என்றால் தெரியும். அதனால் உயரமாகவே சொல்கிறேன். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி மோதி நிற்பது, பெல்ட் போடாத ஆளுக்கு மூன்றாம் மாடியிலிருந்து விழுவதற்குச் சமம். 80 கிலோமீட்டர் என்றால் எட்டாம் மாடி. மூன்றாம் மாடியில் கைப்பிடிச் சுவர் இல்லாத விளிம்பில் உங்கள் பிள்ளையை உட்காரவைப்பீர்களா?

உங்கள் பதில்களை நான் தினமும் கேட்கிறேன். “பக்கத்துலதானே போறோம்” என்கிறீர்கள். பக்கத்துச் சாலையிலும் வண்டி 50இல்தான் போகிறது. “குழந்தையை மடியில வச்சுக்கறேன்” என்று தாய்மார்கள் சொல்கிறீர்கள். உங்கள் அன்பில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மோதி நிற்கிற அந்த நொடியில் பத்துக் கிலோ குழந்தையின் பாரம் இருநூறு, முந்நூறு கிலோவாக உங்கள் கையை இழுக்கும். எந்தத் தாயின் கையாலும் அதைத் தாங்க முடியாது. நீங்களும் பெல்ட் இல்லாமல் இருந்தால் உங்களுக்கும் முன் இருக்கைக்கும் நடுவில் சிக்குவது அந்தக் குழந்தைதான். அதனால்தான் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, பதினான்கு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் கூட்டிப் போனால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்கிறது. ஆயிரம் ரூபாயை விடுங்கள். குழந்தைக்கென்று தனி இருக்கை வாங்குங்கள். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைக்கு, பெரியவர்களின் பெல்ட் கழுத்தில் உரசாமல் தோளில் படியும் உயரம் வரும்வரை, பூஸ்டர் இருக்கை போடுங்கள். முதல் பிறந்தநாளுக்கு மண்டபம் பிடிக்கிற காசில் ஒரு சிறு பங்குகூட ஆகாது.

“பாட்டிக்கு மூச்சு முட்டும்” என்பது இன்னொன்று. முட்டுவதற்குக் காரணம் பெல்ட்டைப் போடும் விதம். கீழ்ப்பட்டை வயிற்றின்மேல் ஏறக் கூடாது, இடுப்பெலும்பில் தாழப் படிய வேண்டும். மேல்பட்டை தோளின் நடுவில், நெஞ்சுக்குக் குறுக்கே வர வேண்டும். அக்குளுக்குக் கீழே விட்டுக்கொள்ளக் கூடாது. சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டு இப்படி ஒருமுறை போட்டுக் காட்டினால் பாட்டிகள் மறுப்பதில்லை, என் பட்டறையில் பார்த்திருக்கிறேன். பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தாலும் போட வேண்டும், பட்டை வயிற்றுக்கு அடியில் போக வேண்டும்.

ஒன்றை மட்டும் என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. பெல்ட் போடாவிட்டால் வண்டி ‘கீ கீ’ என்று கத்துகிறதே, அதை ஏமாற்ற பக்கிளில் செருகி வைக்கிற சின்ன இரும்புத் துண்டு. 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து இணைய விற்பனை நிறுவனங்களுக்கு உத்தரவிட்டு, இந்தக் கிளிப்பை விற்ற 13,118 பக்கங்களை நீக்க வைத்தது. இன்னும் வருகிற வண்டிகளில் அதைப் பார்க்கிறேன். ஏர்பேக் என்பது பெல்ட்டோடு சேர்ந்து வேலை செய்யும்படி அமைக்கப்பட்டது. கண் இமைப்பதற்குள் வெடித்து விரியும். பெல்ட் உங்களைப் பின்னால் பிடித்திருந்தால் அது தலையணை. நீங்கள் முன்னால் பாய்ந்து அதன்மேல் விழுந்தால் அது அடி. அந்த ஏர்பேக் மூடியின் மேல்தான் நீங்கள் கனமான பிள்ளையார் சிலையை ஒட்டி வைத்திருக்கிறீர்கள். சாமியை எடுக்கச் சொல்லவில்லை. நானும் தினமும் விபூதி பூசிக்கொண்டுதான் பட்டறை திறக்கிறேன். டேஷ்போர்டின் இடப்பக்கத்தில் ‘ஏர்பேக்’ என்று எழுதிய மூடியைவிட்டு நடுப்பக்கம் தள்ளி, கனமில்லாத படமாக வையுங்கள். உங்கள் மனைவியின் முகத்துக்கு நேரே உலோகம் வேண்டாம். முன் பம்பரில் போட்டிருக்கும் இரும்புக் குழாய்ச் சட்டத்தையும் கழற்றிவிடுங்கள். மோதலை ஏர்பேக் சென்சார் உணரும் விதத்தை அது கெடுக்கிறது, நடந்து போகிறவனையும் கொல்கிறது. சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே அதற்கு எதிராக நடவடிக்கை எடுக்கச் சொல்லியாயிற்று.

டயருக்கு வருகிறேன். கிளீனராக இருந்தவனுக்கு டயரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது.

போன கோடையில் ஒரு குடும்பம் வந்தது. அப்பா என்னோடு பில் பேசிக்கொண்டிருந்தார். பத்து வயதுப் பாப்பா டயர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். “தாத்தா, இந்தக் கட்டத்துக்குள்ள 3214னு போட்டிருக்கே, அது என்ன?” என்றாள். அப்பா திரும்பிப் பார்த்தார். அவருக்கும் தெரியவில்லை. 2014ஆம் ஆண்டின் 32ஆம் வாரம் செய்த டயர் என்று அர்த்தம் பாப்பா என்றேன். “அப்போ இது என்னைவிடப் பெரிசா?” என்றாள். அப்பாவின் முகம் மாறிவிட்டது. பழைய வண்டியாக வாங்கியவர். தரையில் படும் பட்டன் நன்றாக இருக்கிறதே, கொஞ்சம்தானே ஓடியிருக்கிறது என்று நினைத்திருக்கிறார்.

குடும்பக் கார்களின் பெரிய கேடு இங்கேதான் இருக்கிறது. வாடகை வண்டி ஓடி ஓடித் தேய்ந்து, மொட்டையாகி, கண்ணுக்குத் தெரிந்தே டயர் மாறிவிடும். உங்கள் வண்டி ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் பண்டிகைக்கு ஊருக்கும் மட்டும் ஓடுகிறது. பட்டன் அப்படியே இருக்கும், ரப்பர் வெயிலிலும் காலத்திலும் செத்திருக்கும். பக்கச் சுவரில் நகத்தால் கீறின மாதிரி மெல்லிய வெடிப்புகள் ஓடும். ஐந்து ஆண்டு தாண்டிய டயரை ஆண்டுதோறும் கடையில் காட்டுங்கள். பத்து ஆண்டு ஆன டயர் புதுசு போல மின்னினாலும் தூக்கிப் போடுங்கள். பட்டனுக்கும் ஓர் அளவு இருக்கிறது. காடிகளுக்குள் குறுக்காகச் சின்ன மேடு தெரியும். தேய்ந்து தேய்ந்து பட்டன் அதன் மட்டத்துக்கு வந்துவிட்டால் மிச்சம் 1.6 மில்லிமீட்டர்தான். அதற்குப் பிறகு மழையில் அந்த டயர் தண்ணீரை வெட்டித் தள்ளாது, தண்ணீர்மேல் மிதக்கும்.

காற்று பிடிக்கும் பையன் “எவ்வளவு சார்?” என்று கேட்டால் என்ன சொல்கிறீர்கள்? முப்பது, முப்பத்தைந்து, வழக்கம்போல. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கிறது, உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று அதில் எழுதியே வைத்திருக்கிறார்கள். பல வண்டிகளில் இரண்டு கணக்கு இருக்கும், இரண்டு மூன்று பேர் போகும்போது ஒன்று, ஆள் நிறைந்து டிக்கி நிறையச் சாமானோடு போகும்போது ஒன்று. பொங்கலுக்குத் தாம்பரம் தாண்டுகிற வண்டி எல்லாம் இரண்டாவது வகை. ஏழு பேரையும் கரும்புக் கட்டையும் ஏற்றிக்கொண்டு காற்றை மட்டும் பழைய கணக்கில் விட்டுவிடுகிறீர்கள். காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்கிறது. அந்த மடிப்பில் சூடு பிறக்கிறது. உச்சி வெயிலில் தார்ச்சாலையின் சூடும் சேர்கிறது. வெடித்தது என்று செய்தியில் படிக்கிறீர்களே, அது பல நேரம் திடீரென்று வெடித்ததில்லை, மாதக்கணக்காக வெந்து வெந்து வெடித்தது. காலையில், டயர் ஆறியிருக்கும்போது அளக்க வேண்டும். ஓடிச் சூடேறிய டயரில் அளவு கூடுதலாகக் காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடக் கூடாது. நைட்ரஜன் போடலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். சாதாரணக் காற்றிலேயே முக்கால் பங்குக்கு மேல் நைட்ரஜன்தான். எதைப் போட்டாலும் மாதம் ஒருமுறை அளந்து பாருங்கள், அது போதும்.

ஸ்டெப்னிக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வாங்கிய நாளிலிருந்து அதைத் தொடாதவர்கள் உங்களில் நிறையப் பேர். நடு இரவில் பைபாஸில் பஞ்சராகி, டிக்கியிலிருந்த சாமானை எல்லாம் சாலையோரம் இறக்கி, ஸ்டெப்னியை எடுத்துப் பார்த்தால் அதிலும் காற்றில்லை என்று எனக்குப் போன் வருகிறது. பின்னால் பிள்ளைகள் அழுகிற சத்தம் கேட்கிறது. சில வண்டிகளில் ஸ்டெப்னி மற்ற டயர்களைவிட மெலிதாக இருக்கும், அதன்மேலேயே 80 என்று எழுதியிருக்கும். பஞ்சர் கடைவரை மெல்லப் போக மட்டும்தான் அது.

அடுத்தது பிரேக். எங்கள் ஊரிலிருந்து ஏற்காடும் கொல்லிமலையும் பக்கம். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலைக்கு எழுபது. ஞாயிறு மாலை அடிவாரத்தில் நின்றால் இறங்கி வருகிற வண்டிகளில் பிரேக் கருகிய நெடி வரும். ஏறும்போது எல்லோரும் கியரைக் குறைக்கிறீர்கள், இறங்கும்போது மறந்துவிடுகிறீர்கள். எந்தக் கியரில் ஏறினீர்களோ அந்தக் கியரிலேயே இறங்குங்கள் என்பது எங்கள் லாரிக்காரர்கள் பாடம். இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். ஆட்டோமேட்டிக் வண்டியிலும் தாழ்ந்த கியருக்கு வழி இருக்கிறது, உங்கள் வண்டியில் அது எங்கே என்று வீட்டிலேயே பார்த்துவையுங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடு உள்ளே இருக்கிற பிரேக் ஆயிலைக் கொதிக்க வைக்கும். கொதித்தால் குமிழி வரும், குமிழி வந்தால் பெடல் பஞ்சு மாதிரி தரைவரை போகும், வண்டி நிற்காது. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. ஈரம் ஏற ஏறச் சீக்கிரம் கொதிக்கும். அதனால்தான் ஆயில் அளவு குறையாவிட்டாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறோம். “லெவல் இருக்கே, எதுக்கு மாத்தணும்?” என்று நீங்கள் கேட்கும்போது பணம் பிடுங்கப் பார்க்கிறோம் என்று நினைப்பது எங்களுக்குப் புரிகிறது. சில பட்டறைகள் அப்படி நடந்தும் இருக்கின்றன. மாற்றிய பழைய சாமானைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் அந்தச் சந்தேகத்தில் பிரேக்கைப் பணயம் வைக்காதீர்கள்.

இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் பிடிக்க இன்ஜினை அணைக்கிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். இன்ஜின் அணைந்தால் பிரேக்குக்கு உதவுகிற விசை இரண்டு மூன்று மிதிக்குள் தீர்ந்துவிடும். பெடல் கல்லாகும், ஸ்டீயரிங்கும் கனத்துப் போகும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

டேஷ்போர்டில் எரிகிற விளக்குகள் உங்களோடு பேசுகின்றன. மஞ்சள் எரிந்தால் சீக்கிரம் காட்டுங்கள். சிவப்பு எரிந்தால் நிறுத்துங்கள். சொட்டு விடுகிற எண்ணெய்க் குவளை போலச் சிவப்பாக எரிந்தால், அடுத்த ஊரில் பார்க்கலாம் என்று ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள், ஓரம் கட்டி இன்ஜினை அணையுங்கள். சூடு ஏறிவிட்டது என்று காட்டினாலும் அப்படித்தான். நிறுத்திவிட்டு, ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். உள்ளே அழுத்தத்தில் அடங்கியிருக்கிற கொதிநீர் மூடி திறந்ததும் முகத்தில் பாயும். வெந்த கையோடு வந்தவர்களுக்கு நான் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன்.

பிள்ளைகளைப் பற்றி இன்னும் ஒரே ஒரு சொல். கடையில் இறங்கி வருவதற்குள் என்ன ஆகிவிடும் என்று மூடிய காரில் விட்டுப் போகாதீர்கள். வெயிலில் நிற்கிற வண்டிக்குள் பத்து நிமிடத்தில் பத்து டிகிரி வெப்பம் ஏறும். வீட்டில் நிற்கும்போதும் பூட்டி வையுங்கள். விளையாடப் போய் உள்ளே ஏறி, வெளியே வரத் தெரியாமல் போன குழந்தைகள் உண்டு. பின்கதவைத் திறந்தால் ஓரத்தில் சின்னப் பொத்தான் இருக்கிறதே, அந்தச் சைல்டு லாக் ஓடும்போது காப்பாற்றும். நிற்கும்போது பிள்ளையை உள்ளே பூட்டுவதும் அதுதான். பெரியவர்களுக்கும் ஒன்று: மண்டப வாசலிலோ ஆஸ்பத்திரி வாசலிலோ கண்ணாடியை ஏற்றி, ஏசியைப் போட்டு உள்ளே தூங்காதீர்கள். புகையில் வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. தூங்குகிறவரை எழுப்பாமலேயே கொண்டுபோய்விடும்.

இத்தனையும் ஓட்டுகிறவர் ஒருவர் தலையில் வைக்கிற பாரமில்லை. அந்தத் தேன் நிறக் கவர் வண்டியில் என்னோடு வண்டியைப் பற்றிப் பேசியது மகன் ஒருவர்தான். மருமகளிடமோ அம்மாவிடமோ நானும் எதுவும் சொன்னதில்லை, அவர்களும் கேட்டதில்லை. உங்கள் வீடுகளில் வண்டி அறிவு ஒரே ஆளிடம் பூட்டிக் கிடக்கிறது. ஜாக்கி எங்கே இருக்கிறது என்று மனைவிக்குத் தெரியாது. பானெட்டை எப்படித் திறப்பது என்று மகளுக்குத் தெரியாது. ஓட்டுகிற ஆளுக்கே நெஞ்சு வலித்தால் ஹசார்டு விளக்கை யார் போடுவார்கள்? ஹேண்ட் பிரேக்கை யார் இழுப்பார்கள்?

என் கோரிக்கைக்கு வந்துவிட்டேன். இந்த ஆயுத பூசையன்று உங்கள் வீட்டில் ஒருவரைக் கிளீனராக அமர்த்துங்கள். ஓட்டாத ஆளாக இருக்கட்டும். மகளாக இருக்கட்டும், மனைவியாக இருக்கட்டும், ஓய்வு பெற்ற அப்பாவாக இருக்கட்டும். பத்து வயதுப் பிள்ளைக்குப் போதுமான கண் இருக்கிறது, நான் பார்த்தேன். கையுறைப் பெட்டிக்குள் உறை பிரியாமல் கிடக்கிற மேனுவலை அவர் கையில் கொடுங்கள். டயருக்குச் சந்தனம் வைக்கும் முன் கட்டத்துக்குள் இருக்கும் அந்த நான்கு இலக்க எண்ணை அவர் உரக்கப் படிக்கட்டும், ஸ்டெப்னியையும் சேர்த்து. ஊருக்குக் கிளம்பும் ஒவ்வொரு முறையும் அவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வரட்டும். பின் இருக்கையில் எல்லோருடைய பெல்ட்டும் ‘கிளிக்’ என்று விழுந்த ஓசையை அவர் எண்ணட்டும். ஓட்டுகிறவர் “பாத்துட்டியா?” என்று கேட்கட்டும். பார்த்தேன் என்ற பதில் வந்த பிறகு சாவியைத் திருப்பட்டும்.

இவ்வளவும் அன்றைக்கு முடியாவிட்டால் ஒன்றை மட்டுமாவது செய்யுங்கள். பின் இருக்கையின் இடுக்கில் கையை விட்டுப் பாருங்கள். பக்கிள்கள் அங்கேதான் இருக்கும். இழுத்து வெளியே எடுங்கள். கவர் இடம் கொடுக்காவிட்டால் கத்தியை எடுத்து வழி வெட்டுங்கள், எவ்வளவு விலை கொடுத்த கவராக இருந்தாலும். வெட்டத் தயக்கமாக இருந்தால் ஆத்தூர்ப் பக்கம் வரும்போது கொண்டுவாருங்கள். தைத்து ஓரம் அடித்துத் தருகிறேன், காசு வேண்டாம்.

இப்படிக்கு,
ஆத்தூரில் வண்டி வேலை பார்க்கும் பழைய கிளீனர் ஒருவர்